டோக்கன் தொங்கும் ஆணியிலிருந்து தொடங்குங்கள்

வாசகர் கடிதம்:

"திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் எச்.ஆர். ஆக இருக்கிறேன். 340 பேர் வேலை செய்கிறார்கள். அதில் 210 பேர் பெண்கள். ஏறக்குறைய பாதிப் பேர் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து வந்து எங்கள் ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள். போன ஏப்ரல், மே மாதங்களில் ஆறு பேர் தையல் லைனிலேயே மயங்கி விழுந்தார்கள். இரண்டு பெண்களுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது. ஒருத்திக்கு இப்போது காய்ச்சலும் இருக்கிறது. லீவும் அதிகம், சொல்லாமல் நின்றுவிடுகிறவர்களும் அதிகம். எங்களிடம் துணி வாங்கும் நிறுவனத்தின் (பையர்) ஆடிட் வரப்போகிறது. வேலையிடத்தில் எதெல்லாம் தொழிலாளர் உடல்நலத்தைப் பாதிக்கிறது என்று மதிப்பீடு செய்து அறிக்கை தரச் சொல்லியிருக்கிறார் முதலாளி. 20 கேள்வி வைத்துப் படிவம் தயாரித்தேன். பெயர், கார்டு நம்பர் எழுதி, சூப்பர்வைசர்கள் வாங்கித் தந்தார்கள். எல்லோரும் எல்லாவற்றுக்கும் 'நன்று' என்று டிக் போட்டிருக்கிறார்கள். யோகா வகுப்பும் ஒரு மெடிக்கல் கேம்பும் வைத்தால் போதும் என்கிறார் முதலாளி. எனக்கு மனசு ஒப்பவில்லை. பெண்களுக்கு ஐந்து கழிப்பறை, ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை. கழிப்பறைக்குப் போக லைனுக்கு ஒரு டோக்கன். அது சூப்பர்வைசர் மேஜைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். குடிக்க 20 லிட்டர் கேன் தண்ணீர் வைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?"

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்.

அன்புள்ள சகோதரிக்கு,

மதிப்பீடு ஒரு நாள் தள்ளிப்போனால் பரவாயில்லை. நீர்க்கடுப்போடு காய்ச்சலும் இருக்கிற பெண்ணை இதைப் படித்த அன்றே இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்புங்கள். முதுகின் பக்கவாட்டில் வலி, குளிர் நடுக்கம், வாந்தி இருந்தால் தொற்று சிறுநீரகம்வரை ஏறியிருக்கலாம். அவள் கர்ப்பமாக இருந்தால் இன்னும் அவசரம். கூட ஒருவரை அனுப்புங்கள், தமிழ் தெரியாத பெண்ணென்றால் கட்டாயம் அனுப்புங்கள். அன்றைய சம்பளத்தைப் பிடிக்க வேண்டாம் என்று முதலாளியிடம் நீங்களே பேசிவிட்டு அனுப்புங்கள். பிடிப்பார்கள் என்று தெரிந்தால் அவள் போகமாட்டாள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

படிவத்தில் எல்லோரும் 'நன்று' போட்டதில் எனக்கு வியப்பில்லை. பெயரும் கார்டு நம்பரும் எழுதி, தன் டார்கெட்டைத் தீர்மானிக்கிற சூப்பர்வைசர் கையிலேயே கொடுக்க வேண்டிய தாளில் யார்தான் உண்மையை எழுதுவார்கள்? அந்தப் படிவம் ஒடிசாப் பெண்ணிடம் எந்த மொழியில் போனது என்றும் நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் அதைக் கிழித்துப் போட வேண்டாம். 340 பேரும் ஒரே பதிலைத் தந்திருக்கிறார்கள் என்பதே இந்த மதிப்பீட்டில் உங்களுக்குக் கிடைத்த முதல் தகவல். உள்ளதைச் சொல்ல அங்கே பயமிருக்கிறது. உங்கள் அறிக்கையில் முதல் பக்கத்திலேயே இதை எழுதலாம்.

மெடிக்கல் கேம்ப் பற்றி என் அனுபவம் ஒன்று. தொழில்சார் மருத்துவம் படித்து முடித்த புதிதில் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் இரண்டு நாள் முகாம் நடத்தினேன். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், கண் எல்லாம் பார்த்தோம். பெண்கள் பலருக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தோம். நீர்க்கடுப்பு என்று வந்தவர்களிடமெல்லாம் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னேன். வரிசையில் கடைசியாக நின்ற ஒரு அக்கா, நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குடிச்சா போகோணுமே டாக்டரம்மா, டோக்கன் யாரு குடுப்பாங்க?" என்றார். டோக்கன் என்றால் என்னவென்று எனக்கு அன்று தெரியாது. முகாம் முடிந்தபின் மில்லுக்குள் கூட்டிப்போகச் சொன்னேன். பிரிவுக்கு ஒரு மரத்துண்டு. ஒருவர் எடுத்துக்கொண்டு போனால் அவர் திரும்பி வரும்வரை அடுத்தவர் எழுந்திருக்க முடியாது. இரண்டு நாளாக நான் எடுத்த அத்தனை ரத்தத்திலும் அந்த மரத்துண்டு தெரியவில்லை.

அதனால்தான் உங்கள் மனசு ஒப்பாதது சரி என்கிறேன். முகாம் தொழிலாளியைப் பரிசோதிக்கும். உங்களிடம் கேட்டிருப்பதோ வேலையைப் பரிசோதிக்கச் சொல்லி. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. உங்கள் கம்பெனியில் கேம்ப் வைத்தாலும் ஏறக்குறைய அதே விடைதான் வரும். உங்கள் வேலைத்தளத்தில் என்ன நடக்கிறது என்பது வராது. ஹீமோகுளோபின் பார்க்க வேண்டாமா என்றால், பார்க்கத்தான் வேண்டும், குறிப்பாக மயங்கி விழுந்த ஆறு பேருக்கும். அது சிகிச்சை. மதிப்பீடு வேறு.

உங்கள் கடிதத்திலேயே மதிப்பீட்டில் பாதி இருக்கிறது. கூட்டிக் கழித்துப் பார்ப்போம். காலை டீ நேரம் 10 நிமிடம் என்று வைத்துக்கொள்கிறேன். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையை யாரும் பயன்படுத்த மாட்டார்கள், ஆகவே இருப்பது நான்கு. போய் வர ஒருவருக்கு மூன்று நிமிடம். மாதவிலக்கு நாளில் அது போதாது. அப்படியானால் 10 நிமிடத்தில் ஒரு கழிப்பறையில் மூன்று பேர், நான்கிலும் சேர்த்து 12, 13 பேர் போகலாம். உங்களிடம் இருப்பது 210 பெண்கள். மிச்சம் இருக்கிற 197 பேரும் என்ன செய்வார்கள்? ஒருசிலர் டோக்கன் கேட்பார்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர்களும், கேட்டு ஒருமுறை திட்டு வாங்கியவர்களும் காலையில் ஹாஸ்டலை விட்டுக் கிளம்பும்போதே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள்.

தொழிற்சாலை விதிகள் 25 பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்று கணக்கு வைத்திருக்கின்றன. 210 பேருக்கு ஒன்பது வேண்டும். நாளையே ஒன்பதும் கட்டி முடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போடுங்கள்: 10 நிமிடத்தில் 30 பேர். அப்போதும் 180 பேர் நிற்பார்கள். இப்போது கணக்கை வேறுவிதமாகப் போடுங்கள். டோக்கனை எடுத்துவிட்டு, காலை நான்கு மணி நேரத்தில் அவரவருக்கு வேண்டிய நேரத்தில் போகலாம் என்று விட்டால், 210 பேருக்கு மூன்று நிமிடம் வீதம் 630 நிமிடம். நான்கு கழிப்பறைக்கும் பிரித்தால் ஒவ்வொன்றும் சுமார் 160 நிமிடம். நான்கு மணி நேரம் என்பது 240 நிமிடம். இருக்கிற நான்கை வைத்தே ஒருவாறு சமாளிக்கலாம். ஒன்பது கட்ட வேண்டியது கட்டாயம், அதில் பேச்சில்லை. ஆனால் கொத்தனார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் கம்பெனியில் நோய்க்குக் காரணம் கட்டடம் பாதி, அனுமதி பாதி. அனுமதியை இன்றைக்கே மாற்றலாம், காசு செலவில்லை.

தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் குறைகிறது, அடக்கி வைத்தால் கிருமி தங்குகிறது, கடுப்பு வருகிறது. அதே பெண், தகரக் கூரைக்கு அடியில், மே மாத மூன்று மணிக்கு வியர்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். காலையில் சாப்பிட்டிருக்க மாட்டாள், ரத்தசோகையும் இருக்கும். எழுந்து நின்றதும் கண் இருட்டுகிறது. ஆறு பேர் மயங்கி விழுந்ததையும் இரண்டு பேரின் நீர்க்கடுப்பையும் நீங்கள் தனித்தனி வரியில் எழுதியிருக்கிறீர்கள். நான் இரண்டையும் ஒரே வரியில் எழுதுவேன்.

மதிப்பீட்டின் மற்ற பகுதிகளையும் இதே முறையில் செய்யச் சொல்வேன். ஒரு நாள் முழுக்க, காலை சைரனிலிருந்து ராத்திரி லைட் அணைக்கும்வரை, ஒரு லைனின் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். கையில் ஸ்டாப்வாட்ச் வேண்டாம். டார்கெட்டை ஏற்ற வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துவிடுவார்கள். எதற்காக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். பிறகு பாருங்கள். ஓவர்லாக் டெய்லர் எத்தனை தடவை முதுகை நிமிர்த்துகிறார்? டெய்லருக்கு உதவும் கைமடிப் பெண் பண்டிலை எங்கிருந்து குனிந்து எடுக்கிறாள்? செக்கிங் டேபிளில் நிற்பவர்கள் எந்த மணிக்கு ஒரு காலில் சாய்ந்து நிற்கத் தொடங்குகிறார்கள்? யார் தண்ணீர் குடிக்கப் போகிறார், யார் போகவே இல்லை? யார் பெயரை யார் எப்படிக் கூப்பிடுகிறார்? நைட் ஓடுகிற கம்பெனி என்றால் நைட்டிலும் ஒரு தடவை உட்காருங்கள். ஒரு மனிதர் வேலை செய்வதை நாள் முழுக்கப் பார்ப்பது லேசான காரியமில்லை, ஆனால் எந்தப் படிவமும் தராததை அது தரும்.

அடுத்தது, கம்பெனியிலேயே கிடக்கிற காகிதங்கள். அட்டெண்டன்ஸை ஆள்வாரியாகப் பார்க்காதீர்கள், லைன்வாரியாகவும் மாதவாரியாகவும் பாருங்கள். ஐந்து லைனில் ஒரு லைனில் மட்டும் லீவு இரண்டு மடங்கு என்றால் அங்கே இருக்கிற பெண்களுக்கெல்லாம் உடம்பு மோசம் என்று அர்த்தமில்லை. இயந்திரமோ, இடமோ, சூப்பர்வைசரோ மோசம். முதலுதவிப் பெட்டிக்கு மாதம் எத்தனை அட்டை வலி மாத்திரை வாங்குகிறீர்கள் என்று ஸ்டோரில் கேளுங்கள். வலி எவ்வளவு அதிகம் என்பதை அந்த பில் சொல்லும். மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். மாதவிலக்கு வலிக்கு வேலையிடத்திலேயே பெயர் அச்சிடாத மாத்திரைகள் தரப்பட்டதாகத் தமிழ்நாட்டு ஆடை ஆலைகள் பற்றி 2019-இல் செய்தி வந்தது நினைவிருக்கும். உங்கள் கம்பெனியில் அப்படி ஏதாவது இருந்தால் அன்றே நிறுத்துங்கள்.

உடைந்த ஊசிக்கு ஒரு பதிவேடு இருக்கும். துணியோடு ஊசித் துண்டு போய்விடக் கூடாது என்று பையர் கேட்பதால் எல்லா ஏற்றுமதிக் கம்பெனிகளும் அதைக் கவனமாக எழுதுகின்றன. அதில் நேரம் இருந்தால் எந்த மணியில் ஊசி அதிகம் உடைகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஊசி உடைவதற்குத் துணியும் காரணமாக இருக்கலாம், மெஷினும் காரணமாக இருக்கலாம். ஆனால் சாயங்காலம் ஆறுக்கு மேல் குவிந்திருந்தால் களைப்பையும் சந்தேகப்பட வேண்டும். விரலில் ஊசி ஏறியதை எழுத ஒரு பதிவேடு இருக்கிறதா என்றும் அப்படியே பாருங்கள்.

வலியைக் கேட்பதற்குப் படிவத்தை விட நல்ல வழி ஒன்று இருக்கிறது. சார்ட் பேப்பரில் ஒரு மனித உருவத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். எட்டு, பத்துப் பேராக, ஒரே வேலை செய்கிறவர்களாகக் கூப்பிடுங்கள். சூப்பர்வைசர் இருக்கக் கூடாது. நீங்களும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். ஒவ்வொருவர் கையிலும் ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று கொடுத்து, வேலை முடியும்போது உடம்பில் எங்கே வலிக்கிறதோ அங்கே ஒட்டச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், எழுத்து வேண்டாம், தமிழா ஹிந்தியா ஒடியாவா என்ற பிரச்சினையும் இல்லை. பத்து நிமிடத்தில் டெய்லர்களின் படத்தில் கழுத்தும் இடுப்பும், அயர்னிங்காரர்களின் படத்தில் வலது தோளும், செக்கிங் படத்தில் குதிகாலும் கெண்டைக்காலும் பொட்டாக நிறைந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பக்கத்துப் பெண்ணும் அதே இடத்தில் ஒட்டுவதைப் பார்த்ததும், தன் உடம்புதான் சரியில்லை என்று அதுவரை நினைத்திருந்தவள் வாய் திறந்து பேசத் தொடங்குவாள். அந்தப் பேச்சை எழுதிக்கொள்ளுங்கள்.

இது ஒன்றும் புதிய அறிவு இல்லை. 1700-ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, நோயாளியிடம் மற்றதெல்லாம் கேட்டபின் 'நீ என்ன தொழில் செய்கிறாய்' என்றும் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்கு எழுதினார். தையற்காரர்களுக்குக் கால் மரத்துப்போவதையும் இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் வலியையும், அவர்கள் உட்காரும் முறையோடு சேர்த்துப் பார்த்தவர் அவர். உங்கள் டெய்லர்கள் முதுகுச் சாய்மானம் இல்லாத ஸ்டூலில் உட்காருகிறார்கள் என்றால் பொட்டுப் படத்தையும் ஸ்டூலின் போட்டோவையும் அறிக்கையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வெப்பத்தை அளக்கும்போது ஒரு தவறு சாதாரணமாக நடக்கிறது. ஆபீஸ் வாசலில் மாட்டிய வெப்பமானியைப் பார்த்து 34 டிகிரி என்று எழுதிவிடுகிறார்கள். அயர்ன் டேபிள் பக்கத்தில், நடு லைனில், உட்கார்ந்திருப்பவரின் தலை உயரத்தில், பிற்பகல் இரண்டு முதல் நான்குக்குள் அளக்க வேண்டும். வெறும் வெப்பநிலை போதாது. காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை ஆவியாகாது, வியர்வை ஆவியாகாவிட்டால் உடம்பு குளிராது. ஸ்டீம் அயர்ன் ஓடுகிற இடத்தில் நடப்பது அதுதான். அதனால்தான் உலகம் முழுக்க வெயில் படாத கட்டடத்துக்குள் வேலையிட வெப்பத்தைக் கணக்கிடும்போது ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம், கூரையும் இயந்திரமும் வீசும் சூட்டை வாங்கும் கறுப்புக் கோளத்துக்கு 30 சதவீதம் என்று எடை கொடுக்கிறார்கள். இரண்டும் சேர்ந்த கருவி உங்களிடம் இருக்காது. சென்னை தரமணியில் இருக்கும் மத்திய அரசின் ரீஜனல் லேபர் இன்ஸ்டிடியூட்டுக்கு எழுதிக் கேளுங்கள். இப்படிப்பட்ட அளவீட்டு ஆய்வுகள் அவர்கள் வேலையில் ஒரு பகுதி. அதுவரை ஈரப்பதமும் காட்டும் சாதாரண கருவி ஒன்றை வாங்கி, ஒரு வாரம் மணிக்கொரு தரம் எழுதுங்கள். மயங்கி விழுந்த ஆறு பேர் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்று தளத்தின் வரைபடத்தில் குறியுங்கள். ஆறு புள்ளிகளும் அயர்ன் டேபிளுக்குப் பக்கத்தில் விழுந்தால் அதன் பிறகு யாரும் யோகா பற்றிப் பேச மாட்டார்கள்.

சத்தம், வெளிச்சம், பஞ்சுத் தூசி மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் சத்தம் ஏறக்குறைய 85 டெசிபலைத் தாண்டியிருக்கும், முறையாக அளக்க வேண்டும். கறுப்புத் துணி ஓடும் நாளில் டெய்லர்கள் தலையைக் குனிந்து கிட்டே கொண்டுபோனால் வெளிச்சம் போதவில்லை. திங்கள்கிழமை நெஞ்சு இறுக்கமாக இருந்து வாரக் கடைசியில் குறைகிறது என்று யாராவது சொன்னால் அலட்சியப்படுத்தாதீர்கள். நூற்பாலைகளில் பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு அதுதான் அடையாளம். அவர்கள் முன்பு மில்லில் வேலை பார்த்தவர்களா என்று கேளுங்கள்.

இதில் அவசரப்படக் கூடாத இடம் கறை எடுக்கும் மூலை. கறை போக்கத் திரவத்தைப் பீய்ச்சும் ஸ்பாட் கன்னில் ஊற்றுகிற திரவம் என்ன என்று கேட்டால் 'கெமிக்கல்' என்பார்கள். கேனின் லேபிளைப் படியுங்கள், சப்ளையரிடம் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். ட்ரைகுளோரோஎத்திலீன் என்று இருந்தால், அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்திய பொருள். தலைவலி, கிறுகிறுப்பு என்று அந்த மூலையிலிருந்து வருகிற பெண்ணுக்கு மாஸ்க் கொடுப்பது தீர்வு ஆகாது. துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. திரவத்தை மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாத வரை, ஆவியை அங்கேயே உறிஞ்சி வெளியே தள்ளும் அமைப்பு வேண்டும். மாஸ்க், கையுறை எல்லாம் இவற்றுக்குப் பிறகு. கர்ப்பிணிப் பெண்ணை அந்த மூலையில் வைக்கவே வேண்டாம்.

கருவியால் அளக்க முடியாதது ஒன்று இருக்கிறது, அதைத்தான் ஆடிட் அறிக்கைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. லண்டனில் 1967-இல் அரசு ஊழியர்களைக் கொண்டு ஒரு நீண்ட ஆய்வு தொடங்கினார்கள். எல்லோருக்கும் நிலையான வேலை, யாரும் பட்டினி இல்லை. ஆனாலும் கடைநிலையில் இருந்தவர்கள் உயர்நிலையில் இருந்தவர்களை விட மூன்று மடங்குக்கு மேல் இதய நோயால் இறந்தார்கள். புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளியில் பெரும்பகுதி மிஞ்சி நின்றது. 1985-இல் தொடங்கிய அடுத்த ஆய்வு காட்டிய முக்கியமான காரணங்களில் ஒன்று, தன் வேலையில் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பது. வேகத்தை நீ தீர்மானிக்கிறாயா, இன்னொருவர் தீர்மானிக்கிறாரா? ஒரு நிமிடம் எழுந்திருக்க யாரைக் கேட்க வேண்டும்? டார்கெட் ஏறிக்கொண்டும் பிடி குறைந்துகொண்டும் போகிற வேலை உடம்பைத் தின்னும். இப்போது ஆணியில் தொங்குகிற உங்கள் டோக்கனை நினைத்துப் பாருங்கள். சிறுநீர்ப்பைக்கு மட்டுமா அது கெடுதல்?

இதைக் கேட்டு அறிய உங்களால் முடியாது. தப்பாக நினைக்க வேண்டாம், நீங்கள் நல்லவரா இல்லையா என்பது இங்கே விஷயம் இல்லை. அவர்கள் கண்ணுக்கு நீங்கள் ஆபீஸ் ஆள். தொழிலாளர்களிலிருந்தே, அவர்களே தேர்ந்தெடுத்த நாலைந்து பெண்கள், வடமாநிலப் பெண்கள் உட்பட, கேட்கட்டும். 2022-இல் பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் ஒன்று கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தம், வேலையிடத்தில் பெண்கள் மீதான துன்புறுத்தலைத் தடுக்க, தொழிலாளப் பெண்களையே பயிற்சி கொடுத்துத் தளத்தில் கண்காணிப்பாளர்களாக வைத்தது. அதைப் பற்றிப் படியுங்கள், கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. கேட்கும்போது பாலியல் தொல்லை பற்றி யாராவது சொன்னால் அதை அறிக்கையில் ஒரு சதவீதமாக மாற்றிவிடாதீர்கள். 2013 சட்டப்படி உங்கள் கம்பெனியில் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும், புகார் கொடுக்க அவளுக்கு விருப்பம் என்றால் கூட இருந்து அங்கே கொண்டுபோக வேண்டும்.

வேலை நேரம் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் திருப்பூரில் ஷிப்மென்ட் நெருக்கத்தில் 'ஒன்றரை ஷிப்ட்' ஓடாத கம்பெனி குறைவு. காலை எட்டரைக்கு வந்து ராத்திரி எட்டரைக்குப் போனால், சாப்பாடு, டீ நேரத்தைக் கழித்தாலும் பத்தரை மணி நேரம், ஆறு நாளைக்கு 63 மணி. வாரம் 55 மணியோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35–40 மணி வேலை செய்பவர்களை விட, பக்கவாத அபாயம் 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். இதை அறிக்கையில் எழுதுங்கள். கூடவே இன்னொன்றையும் எழுத வேண்டும். ஒன்றரை ஷிப்ட்டை நிறுத்தச் சொன்னால் முதலில் எதிர்ப்பவர்கள் தொழிலாளர்களாகவே இருப்பார்கள். அந்த அரை ஷிப்ட் இல்லாவிட்டால் வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் நிற்கும். ஆகவே ஒரு ஷிப்ட் சம்பளம் எவ்வளவு என்பதும் உடல்நலக் காரணிதான். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் தரப்படுகிறதா என்று உங்களால் ரிஜிஸ்டரைப் பார்த்தே சொல்ல முடியும்.

இன்னொரு ஓட்டை இருக்கிறது. இன்று லைனில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் கேட்டால், தாக்குப்பிடித்தவர்களை மட்டும் கேட்கிறீர்கள். உடம்பு முடியாமல் போனவர்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள். போன ஒரு வருடத்தில் சொல்லாமல் நின்றவர்களின் பட்டியலை எடுத்து, பதினைந்து பேருக்காவது போன் செய்யச் சொல்லுங்கள். ஏன் வரவில்லை என்று அதட்டாமல், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கட்டும். ஹாஸ்டலிலும் ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள். கூரைச் சூட்டில் ஒரு மணிவரை தூங்க முடியாதவள் மறுநாள் மயங்கினால் அதற்கு லைனை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஒரு நிபந்தனை. மருத்துவப் பரிசோதனை முடிவுகள் பெயரோடு முதலாளி மேஜைக்குப் போகக் கூடாது. யாருக்குக் காசநோய், யார் கர்ப்பம், யாருக்கு மனச்சோர்வு மாத்திரை என்பதெல்லாம் பரிசோதிக்கும் மருத்துவரோடும் அந்தத் தொழிலாளியோடும் நிற்க வேண்டும். அறிக்கையில் லைன்வாரி எண்ணிக்கை போதும். ஒரு லைனில் ஒரே ஒருவர் என்றால் அந்த எண்ணும் வேண்டாம். இந்த மதிப்பீட்டால் ஒருத்தி வேலை இழந்தால் அதற்குப் பிறகு உங்களிடம் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது.

முதலாளியிடம் பேசும்போது நூறு பக்கம் கொண்டுபோகாதீர்கள். கழிப்பறைக் கணக்கு, ஆறு புள்ளி வைத்த வரைபடம், பொட்டுப் படம், இந்த மூன்று தாள் போதும். பையருக்குக் காட்ட அல்ல, முதலாளி பார்க்க. பழகிய டெய்லர் ஒருவர் நின்றுபோனால் புதியவர் அந்த வேகத்துக்கு வரும்வரை எத்தனை பீஸ் குறைகிறது, எத்தனை ஆல்ட்டர் (திருத்தித் தைக்க வேண்டிய பீஸ்) வருகிறது என்று உங்கள் ப்ரொடக்‌ஷன் மேனேஜருக்குத் தெரியும். அந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியதை வரிசையாகக் கேளுங்கள்: டோக்கன் இன்றே போக வேண்டும், தாழ்ப்பாள் இந்த வாரம், அயர்ன் டேபிளை வெளிச்சுவர்ப் பக்கம் மாற்றி எக்ஸாஸ்ட் வைப்பது இந்த மாதம், கூரைக்கு வெள்ளைப் பூச்சும் மிச்சக் கழிப்பறைகளும் அடுத்த கோடைக்குள். தண்ணீரும் கழிப்பறையும் தர வேண்டிய கடமை 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலும் இருந்தது, அதன் இடத்தில் வந்திருக்கிற புதிய சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது என்பதை அவருக்கு மரியாதையாகவே நினைவூட்டலாம். சூப்பர்வைசர்களையும் தனியே உட்கார வைத்துப் பேசுங்கள். டோக்கனை மாட்டியது அவர்களாக இருக்கலாம், ஆனால் மணிக்கு இத்தனை பீஸ் என்ற எண் மேலிருந்து வருகிறது. அந்த எண் மாறாமல் டோக்கனை மட்டும் கழற்றினால் நாலு நாளில் வேறொரு ஆணி அடிப்பார்கள்.

மூன்று மாதம் கழித்து இதே அளவுகளை இதே இடங்களில் மறுபடி எடுங்கள். அதற்கு முன்னால் இன்றைக்கே ஒன்றைத் தொடங்குங்கள். தினமும் எத்தனை 20 லிட்டர் கேன் காலியாகிறது என்று செக்யூரிட்டியிடம் சொல்லி எழுதி வையுங்கள். 12 கேன் என்றால் 240 லிட்டர். 340 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு முக்கால் லிட்டர்கூட இல்லை, அதுவும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு. டோக்கனைக் கழற்றிய பிறகு அந்த எண் எவ்வளவு ஏறியது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்